ஸ்ரொக்ஃபிஷை "நியாயமா" வெல்லலாம் எண்டு சொல்லுறவைக்கு

செஸ் கதைக்கிற இடமெல்லாம் ஒரு வாதம் சாகாமல் கிடக்கிறது. "கொம்பியூட்டர் மனிசரை வெண்டது உண்மைதான். ஆனா அது நியாயமான போட்டியில்லை. அதிட்ட இருக்கிற ஓபனிங் புத்தகத்தைப் பறிச்சு, கடைசிக் கட்ட அட்டவணையளைப் பறிச்சு, ஒரு சாதாரண மெசினில ஓடவிட்டுப் பாருங்கோ. எங்கட ஆக்கள் வெல்லுவினம்." இதைச் சொல்பவர்கள் செஸ் தெரியாதவர்களும் அல்ல. நன்றாக விளையாடுகிறவர்கள்தான் இதைக் கூடுதலாகச் சொல்கிறார்கள்.

மற்றப் பக்கத்தில் இன்னொரு கூட்டம். "1997இல கஸ்பரோவ் தோற்றார், கதை முடிஞ்சுது, இனி மனிசர் செஸ் விளையாடுறதில என்ன இருக்கு?" இவர்கள் பெரும்பாலும் செஸ் விளையாடாதவர்கள். தொழில்நுட்பம் பற்றி மட்டும் கதைப்பவர்கள்.

இரண்டு தரப்பும் பிழை என்பதே எனது கட்சி. 1997 போட்டி நியாயமாக நடக்கவில்லை என்பது சரி. ஆனால் அதற்குப் பிறகு நியாயமாக நடந்த போட்டிகளில் மனிதர்கள் தோற்றார்கள். இன்றைக்கு சம பலத்தில், சம விதியில், ஒரு நல்ல எஞ்சினை எந்தக் கிராண்ட்மாஸ்ரரும் ஒரு தொடரில் வெல்ல ஏலாது. இதை ஒப்புக்கொள்ளாமல் "நியாயம்" என்ற சொல்லை இழுத்துக்கொண்டு திரிவதால் உண்மையில் அநியாயம் நடக்கிற இடங்கள் எங்கள் கண்ணில் படாமல் போகின்றன.

நியாயம் எண்டு எதைச் சொல்லுறம்?

இதை முதலில் தீர்க்காவிட்டால் மிச்சம் எல்லாம் சத்தம்தான். ஒரு செஸ் போட்டி நியாயமானது என்று சொல்ல நான் நாலு விஷயம் கேட்பேன். இரண்டு பக்கத்துக்கும் ஒரே விதி. எதிராளியின் ஆட்டத்தை முன்கூட்டியே படிக்க இரண்டு பக்கத்துக்கும் வாய்ப்பு. போட்டி நடக்கும்போது வெளியாள் கைவைக்காமல் இருத்தல். முடிந்த பிறகு என்ன நடந்தது என்று ஆரும் சரிபார்க்கக் கூடியதாக இருத்தல்.

இந்தப் பட்டியலில் "இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி மூளை" என்ற நிபந்தனை இல்லை. மனிதர்களுக்கு இடையிலும் அப்படி ஒன்று கிடையாது. ஒருவருக்கு நினைவாற்றல் கூட, இன்னொருவருக்குக் களைப்பு குறைவு. மெசினுக்குக் களைப்பில்லை, பயமில்லை என்பதற்காகப் போட்டி அநியாயமாகி விடாது. அது அதன்ர பலம். அதை நியாயக் கணக்கில் சேர்த்தால் எந்தத் தோல்வியையும் அநியாயம் எண்டு சொல்லித் தப்பலாம்.

1997: கஸ்பரோவின் புகாரில் பாதி உண்மை

இந்த நாலையும் நியூயோர்க்கில் நடந்த கஸ்பரோவ் – டீப் புளூ போட்டிக்குப் போட்டுப் பாருங்கள். 1996இல் பிலடெல்பியாவில் நடந்த முதல் தொடரில் முதலாவது ஆட்டத்தைத் தோற்றும் கஸ்பரோவ் 4–2 என்று வென்றிருந்தார். அடுத்த வருடம் வந்த மெசின் அதே பெயரில் வந்த வேறொன்று. அந்தத் திருத்திய மெசினின் ஆட்டங்கள் எதுவும் கஸ்பரோவுக்குக் கிடைக்கவில்லை. அவருடைய ஆட்டங்களோ வாழ்க்கை முழுக்க அச்சில் கிடந்தன. ஓர் ஆட்டத்துக்கும் அடுத்த ஆட்டத்துக்கும் இடையில் ஐபிஎம் குழு, கிராண்ட்மாஸ்ரர்களின் உதவியோடு, மெசினைத் திருத்தலாம் என்று விதி இருந்தது. மேடை, பரிசுப் பணம், எதிராளி எல்லாம் ஒரே கொம்பனியினுடையது.

இரண்டாவது ஆட்டத்தில் மெசின் விளையாடிய விதம் கஸ்பரோவைக் குழப்பியது. ஒரு மனித கிராண்ட்மாஸ்ரர் இடையில் கைவைத்திருக்க வேண்டும் என்று சந்தேகித்தார். பதிவுகளைக் கேட்டார். அப்போது கொடுக்கப்படவில்லை, பின்னால்தான் வெளியிட்டார்கள். அவர் 3.5–2.5 என்று தோற்ற பிறகு மறுபோட்டி கேட்டார், நடக்கவில்லை. மெசினைக் கழற்றினார்கள், அதன் பாகங்கள் இப்போது அமெரிக்க அருங்காட்சியகங்களில் நிற்கின்றன.

ஏமாற்று நடந்ததற்கு ஆதாரம் இல்லை. கஸ்பரோவும் 2017இல் எழுதிய நூலில் தனது பழைய குற்றச்சாட்டுகளைப் பெருமளவு தளர்த்தினார். அந்த இரண்டாவது ஆட்டத்தில் அவர் கைவிட்ட நிலை சமநிலைக்குக் கொண்டுபோகக் கூடியது என்று பின்னர் ஆராய்ந்து காட்டினார்கள். கடைசி ஆட்டத்தில் ஏற்கனவே தெரிந்த ஒரு குதிரைப் பலிக்கு இடம் கொடுத்து 19 நகர்வில் தோற்றார். அவை அவருடைய பிழைகள். ஆனால் எதிராளியைப் படிக்கும் வாய்ப்பும் சரிபார்க்கும் வாய்ப்பும் இல்லாத ஒரு போட்டியை விஞ்ஞான முடிவு மாதிரித் தூக்கிப் பிடிக்க ஏலாது. "1997இல கதை முடிஞ்சுது" என்பவர்களுக்கு எனது பதில் இதுதான். 1997இல் முடிந்தது ஒரு கொம்பனியின் விளம்பரம். கதை பிறகு வேறு இடத்தில் முடிந்தது.

கதை முடிந்த இடம்

2002இல் பஹ்ரெய்னில் கிராம்னிக், டீப் ஃபிரிற்ஸோடு விளையாடினார். இந்த முறை போட்டிக்கு முன்னரே மென்பொருள் அவர் கையில் கொடுக்கப்பட்டது. வீட்டில் இருந்து அதோடு விளையாடிப் படிக்கலாம். முதல் பாதியில் 3–1 என்று முன்னுக்கு நின்றார், முடிவு 4–4. 2003இல் கஸ்பரோவ் டீப் ஜூனியரோடு 3–3, எக்ஸ்3டி ஃபிரிற்ஸோடு 2–2. அதாவது விதிகளைச் சீராக்கியதும் மனிதர்கள் சமனாக நின்றார்கள். "நியாயமாக விளையாடினால் வெல்லலாம்" என்பவர்கள் இந்த இரண்டு வருடத்தை நினைத்துத்தான் கதைக்கிறார்கள். அப்போது அது சரியான கதை.

பிறகு 2005. லண்டனில் மைக்கல் அடம்ஸ் ஹைட்ராவோடு ஆறு ஆட்டம் விளையாடி 5.5–0.5 என்று தோற்றார். ஆறு ஆட்டத்தில் ஒரேயொரு சமநிலை. அதே வருடம் நவம்பரில் பில்பாவோவில் பொனமாரியோவ் ஃபிரிற்ஸை ஓர் ஆட்டத்தில் வென்றார். முழு நேர ஆட்டத்தில், கைகாய் எதுவும் இல்லாமல், ஒரு முன்னணி மெசினை மனிதர் வென்ற கடைசி ஆட்டமாக வழமையாகச் சொல்லப்படுவது இதுதான்.

2006இல் பொன் நகரத்தில் கிராம்னிக் மீண்டும் உட்கார்ந்தார், உலகச் சம்பியனாக. நிபந்தனைகளைப் பாருங்கோ. மென்பொருள் முன்கூட்டியே அவருக்குக் கொடுக்கப்பட்டது. ஆட்டம் நடக்கும்போதே, மெசின் தன் ஓபனிங் புத்தகத்தில் இருக்கும் வரைக்கும், அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று அவர் திரையில் பார்க்கலாம். சோதனையில் எதிராளியின்ர கொப்பியைத் திறந்து பாக்க விட்ட மாதிரி. இதைவிட மனிதர் பக்கம் சாய்ந்த விதி வைக்க ஏலாது. முடிவு மெசினுக்கு 4–2. இரண்டாவது ஆட்டத்தில் ஒரே நகர்வில் வரும் செக்மேற்றைக் கிராம்னிக் காணவில்லை. மற்ற நாலு ஆட்டத்தைச் சமன் செய்தார், அது சாதாரண விஷயமில்லை. ஆனால் ஒன்றையும் வெல்லவில்லை.

நியாயம் வேண்டும் என்று கேட்டோம், கொடுத்தார்கள், தோற்றோம். இதைச் சொல்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பிறகும் "நியாயமில்லை" என்பதுதான் வெட்கம்.

"பெரிய மெசின்" எண்ட சாட்டு

வேகம்தான் காரணம், அசுர வன்பொருள்தான் காரணம் என்பது அடுத்த சாட்டு. மூன்று எண்களை வரிசையாக வையுங்கள். 1997இல் டீப் புளூ செக்கனுக்கு 20 கோடி நிலைகளைப் பார்த்தது. 2006இல் கிராம்னிக்கை வென்ற டீப் ஃபிரிற்ஸ் ஓடியது ஒரு தனிக் கொம்பியூட்டரில், செக்கனுக்கு ஏறத்தாழ 80 இலட்சம். 2009இல் புவனஸ் அயர்ஸில் ஒரு போட்டியில் பொக்கற் ஃபிரிற்ஸ் 4 என்ற மென்பொருள் விளையாடி 10க்கு 9.5 புள்ளி எடுத்தது. அது ஓடியது ஒரு கைத்தொலைபேசியில், செக்கனுக்கு 20,000க்கும் குறைவு.

அதாவது வேகம் பத்தாயிரம் மடங்கு இறங்கியும் ஆட்டம் நன்றாகவே இருந்தது. நிலையை மதிப்பிடும் முறையும் எந்தக் கிளையைத் தேடாமல் விடலாம் என்ற அறிவும் முன்னேறியதுதான் காரணம். "சாதாரண மெசினில ஓடவிட்டுப் பாருங்கோ" என்று கேட்பவரின் சட்டைப் பையிலேயே அந்தச் சாதாரண மெசின் கிடக்கிறது. எடுத்து விளையாடிப் பார்க்கலாம்.

ஓபனிங் புத்தகமும் அப்படித்தான். 2017இல் அல்ஃபாசீரோ விதிகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு மனித ஆட்டத்தையும் பார்க்காமல், தன்னோடு தானே விளையாடிப் பழகியது. பிறகு ஸ்ரொக்ஃபிஷ் 8ஐ நூறு ஆட்டத்தில் 28 வெற்றி, 72 சமநிலை என்று, ஒன்றும் தோற்காமல் வென்றது. எங்கட அறிவைத் திருடி எங்களை வெல்லுது என்ற கதைக்கும் அதோடு இடமில்லை. கடைசிக் கட்ட அட்டவணைகள் பலகையில் ஏழு காய்க்குக் குறைந்த பிறகுதான் உதவும். அதுக்கு முன்னமே ஆட்டம் முடிஞ்சு போகும்.

இந்த அல்ஃபாசீரோ போட்டியில் சுவாரசியமான இன்னொன்று நடந்தது. அது அநியாயம் என்று ஸ்ரொக்ஃபிஷ் பக்கத்தவர்கள் புகார் சொன்னார்கள். நகர்வுக்கு ஒரு நிமிடம் என்று நேரத்தைக் கட்டினது பிழை, நினைவகத்தைக் குறைத்தது பிழை என்றார்கள். ஒரு வருடம் கழித்து, வழமையான நேர முறையில், ஆயிரம் ஆட்டம் விளையாடி முடிவை வெளியிட்டார்கள்: 155 வெற்றி, 6 தோல்வி, மிச்சம் சமநிலை. நியாயம் பற்றிய புகாருக்குப் பதில் சொல்லும் முறை இது. 1997இல் கிடைக்காத பதிலும் இதுதான்.

பூட்டிய நிலையும் பொறியும்

இனி இருக்கிறது கொஞ்சம் கெட்டிக்கார வாதம். மெசினைத் தந்திரத்தால் மடக்கலாம் என்பது. இதற்கு உண்மையான வரலாறு உண்டு. 1968இல் டேவிட் லெவி என்ற ஸ்கொட்லாந்து மாஸ்ரர், பத்து வருடத்துக்குள் எந்தக் கொம்பியூட்டரும் தன்னை வெல்லாது என்று பந்தயம் கட்டி, 1978இல் வென்றார். அவருடைய முறை, அவசரப்படாமல் நிலையைப் பூட்டி வைத்து, மெசின் தானாகத் தன்னைக் கெடுத்துக்கொள்ள விடுவது. 1989இல் டீப் தோட் அவரை 4–0 என்று வென்றது. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

2008இல் நக்கமுரா ரிப்காவுக்குச் செய்தது இன்னும் அழகு. மூன்று நிமிட பிளிட்ஸ். சிப்பாய்கள் எல்லாம் முட்டிப் பூட்டிய நிலை. இரண்டு பேரும் காயை அங்கும் இங்கும் அசைக்கிறார்கள். ஐம்பது நகர்வுக்குள் சிப்பாய் நகர்வும் இல்லை, வெட்டும் இல்லை என்றால் சமநிலை கேட்கலாம் என்பது விதி. மெசினின் கணக்கில் தான் முன்னுக்கு நிற்கிறது. முன்னுக்கு நிற்கிறவன் ஏன் சமநிலைக்குப் போக வேண்டும்? அதனால் தானே நிலையைத் திறந்தது, திறந்து தோற்றது. 271 நகர்வு. வேண்டுமென்றே ராணி எடுக்காமல் சிப்பாய்களை மந்திரியாக மாற்றிக் கேலி செய்து முடித்தார்.

இது நியாயமா? முழுக்க நியாயம். விதிக்குள் நடந்தது, எதிராளியின் பலவீனத்தைத் தேடிப் பிடித்தது, ஆட்டம் முழுவதும் பதிவில் இருக்கிறது. ஆனால் இது 2008. 2020இலிருந்து ஸ்ரொக்ஃபிஷ் நிலையை மதிப்பிட நரம்பு வலைப்பின்னலைப் பயன்படுத்துகிறது. பூட்டிய நிலைகளில் பழைய மெசின்கள் விட்ட பெரும் பிழைகளை இப்போதையவை விடுவது அரிது. எஞ்சின் இன்றும் தவறாக மதிப்பிடுகிற அரண் நிலைகளைப் பலகையில் அடுக்கிக் காட்டலாம். அடுக்கிக் காட்டுவது வேறு, விளையாடி அந்த நிலைக்கு எஞ்சினைக் கொண்டுவருவது வேறு.

எனக்கு எதிரான மிகப் பலமான சான்று செஸ்ஸில் இல்லை, கோ விளையாட்டில் இருக்கிறது. 2023இல் கெலின் பெல்ரின் என்ற அமெச்சூர் வீரர், உலகத் தரத்துக்கு மேலான கற்றகோ என்ற மென்பொருளை 15 ஆட்டத்தில் 14இல் வென்றார். ஒரு வட்ட வடிவச் சுற்றிவளைப்பை அது கவனிக்கத் தவறியது. அந்த ஓட்டையை முதலில் கண்டுபிடித்தது இன்னொரு கணினி நிரல். ஆனாலும் பலகையில் இருந்து வென்றவர் மனிதர்தான். ஆகவே "ஒருநாளும் ஏலாது" என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். செஸ் எஞ்சின்களிலும் அப்படி ஓர் ஓட்டை இருக்கலாம். கண்டுபிடிப்பவர் ஆட்டத்தைக் காட்டட்டும்.

ஆனா உண்மையாக் காட்ட வேணும். யூரியூப்பில் "ஸ்ரொக்ஃபிஷை வென்றேன்" என்று போடுகிற வீடியோக்களில் எந்தப் பதிப்பு, எந்த லெவல், எவ்வளவு நேரம், நகர்வைத் திருப்பி எடுத்தார்களா என்ற விபரம் எதுவும் வராது. லிசெஸ் தளத்தில் இருக்கும் எட்டாம் லெவல் கூட ஸ்ரொக்ஃபிஷின் முழுப் பலம் இல்லை. லெவலைக் குறைத்து வெல்வதில் பிழையில்லை, அது நல்ல பயிற்சி. அதை மறைத்துச் சொல்வது பொய்.

கைகாய் குடுத்து விளையாடுவம்

அப்படியெண்டால் மனிதருக்கும் எஞ்சினுக்கும் இடையில் நியாயமான போட்டியே இல்லையா? இருக்கு. சமன் இல்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, பலமானவர் ஒரு காயைக் கழற்றி வைத்துவிட்டு விளையாடுவது. தம்பியோட ஓடேக்க அண்ணன் அவனைக் கொஞ்சம் முன்னால விட்டு ஓடுற மாதிரி. இது புதுசு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் போல் மோர்ஃபி போன்றவர்கள் ஒரு குதிரையைக் கழற்றி வைத்து மற்றவர்களோடு விளையாடுவது வழமை.

எஞ்சின்களோடும் இது நடந்திருக்கிறது. 2014இல் நக்கமுரா ஸ்ரொக்ஃபிஷோடு நாலு ஆட்டம் விளையாடினார். இரண்டில் பழைய ரிப்காவின் உதவி அவருக்கு, இரண்டில் ஒரு சிப்பாய் கூட. 3–1 என்று தோற்றார். 2016இல் கொமோடோவோடு கைகாய் வாங்கி விளையாடி 2.5–1.5 என்று தோற்றார். இப்போது லீலா எஞ்சினின் ஒரு வடிவத்தை, குதிரை இல்லாமல் விளையாடவே பழக்கி லிசெஸ்ஸில் விட்டிருக்கிறார்கள். வேக ஆட்டங்களில் கிராண்ட்மாஸ்ரர்களையே அது வெல்கிறது. ஆனால் நேரம் கூடக் கூட மனிதர்களுக்கு வாய்ப்பும் கூடுகிறது. ராணியைக் கழற்றினால் எங்களைப் போன்ற கழக வீரர்களுக்கும் வழி இருக்கிறது.

"மனிதர் வெல்ல முடியுமா" என்பதைவிட எனக்கு இது நல்ல கேள்வியாகப் படுகிறது: எந்தக் காய்க்கு, எவ்வளவு நேரத்துக்கு, எந்த மட்டத்து மனிதர் வெல்லலாம்? இதை அளக்கலாம். வருடத்துக்கு வருடம் ஒப்பிடலாம். ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆர் வெல்லுவினம் என்று முன்கூட்டியே தெரியாது. போட்டி என்பதற்கு வேறு என்ன வேண்டும்?

அநியாயம் உண்மையில எங்க நடக்குது?

மோட்டார் சைக்கிளோடு ஓட ஏலாது என்பதற்காக ஓட்டப் போட்டியை நிப்பாட்டினதா என்று வழமையாகக் கேட்பார்கள். நல்ல கேள்வி. ஆனால் மோட்டார் சைக்கிளைச் சப்பாத்துக்குள் ஒளிக்க ஏலாது. எஞ்சினைப் பொக்கற்றுக்குள் ஒளிக்கலாம். 2019இல் கிராண்ட்மாஸ்ரர் இகோர்ஸ் ரௌசிஸ் போட்டிக்கு நடுவில் கழிவறையில் போனோடு பிடிபட்டு, ஒப்புக்கொண்டார். அறுபதை நெருங்கிய வயதில் உலகத்தின் முதல் நூறு பேருக்குள் வந்து நின்ற மனிதர். 1770இல் கெம்பலன் செய்த "துருக்கியன்" என்ற செஸ் மெசினுக்குள் மனிதர் ஒளிந்திருந்து விளையாடினார்கள். இப்ப தலைகீழாப் போச்சு.

இதன் மறுபக்கம் இன்னும் மோசம். ஆர் நல்லா விளையாடினாலும் சந்தேகம். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்லைன் போட்டியில் தன்னைவிடப் பலமான ஒருவரை வென்றால் முதல் வருகிற சொல் "எஞ்சின் பாவிச்சிருப்பாள்". ஆதாரம் கேட்டால் இல்லை. அந்தப் பிள்ளை தன்னை நிரூபிக்கிறதுக்கு என்ன வழி? சிலர் அதோடு விளையாட்டையே விட்டு விடுகிறார்கள். செஸ்ஸில் நியாயம் பற்றிக் கவலைப்படுகிற பெரியவர்கள் முதலில் இந்த இடத்தில் வாய் திறக்க வேண்டும்.

மூன்றாவது, பார்வையாளர்களாகிய நாங்கள். 2024 டிசெம்பரில் சிங்கப்பூரில் குகேஷுக்கும் டிங் லிரனுக்கும் இடையில் பதினாலாவது ஆட்டம். சமநிலைக்குப் போய்க்கொண்டிருந்த கடைசிக் கட்டத்தில் டிங் கோட்டையைப் பிழையான கட்டத்தில் வைத்தார், சம்பியன் பட்டம் போனது. திரையின் ஓரத்தில் இருக்கிற மதிப்பீட்டுப் பட்டை கீழே விழுந்த மறுநொடி, செஸ்ஸில் காய் எப்படி நகரும் என்று மட்டும் தெரிந்தவர்கள் எல்லாம் "இதைக் கூடக் காணேல்லையா" என்று எழுதத் தொடங்கினார்கள். காணவில்லைத்தான். இரண்டு கிழமைக்கு மேல் களைத்து, மணிக்கூடு ஓட, பலகைக்கு முன்னால் தனியாக இருந்த மனிதர் அவர். அந்தப் பட்டையை மறைத்துவிட்டால் சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பிழை தெரிந்திருக்கும்?

இந்தப் பழக்கம் எங்கட பிள்ளைகளிடம் இறங்கி விட்டது. ஆட்டம் முடிந்த கையோடு போனைத் திறந்து எஞ்சினைக் கேட்கிறார்கள். அது "பிழை" என்றால் பிழை, "சரி" என்றால் சரி. ஏன் என்று கேட்க அவர்களுக்கு நேரமில்லை, எஞ்சின் ஏன் என்று சொல்வதும் இல்லை. வெல்ல ஏலாத ஒன்றை ஆசிரியராக வைத்திருப்பது நல்ல விஷயம். ஆனால் கேள்வி கேட்காமல் கேட்டு நடக்கிற பிள்ளைக்கு எந்த ஆசிரியராலும் பிரயோசனம் இல்லை.

ஆகவே எனது கோரிக்கைகள் சின்னவை. எஞ்சினை வென்றதாகச் சொல்பவர் முழு ஆட்டத்தையும் நிபந்தனைகளையும் போடட்டும். எஞ்சினோடு போட்டி வைக்க விரும்பும் கழகங்கள் கைகாய் முறையில் வைக்கட்டும், ராணியில் தொடங்கிக் குதிரைக்கு இறங்கட்டும். பழக்குகிறவர்கள், ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் இரண்டு பேரையும் இருத்தி, எங்கே திரும்பியது என்று அவர்களே எழுதின பிறகுதான் போனைத் திறக்க விடட்டும். ஆதாரம் இல்லாமல் ஒரு பிள்ளையைக் கள்ளி எண்டு சொல்லுறவையை கழகத்துக்குள்ளயே நிப்பாட்டிக் கேட்கட்டும்.

இதில் ஒன்றுக்கும் ஸ்ரொக்ஃபிஷை வெல்லத் தேவையில்லை.